பெயர் வந்தது, கை வரவில்லை

புதிதாக ஒரு தையல் இயந்திரம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரரிடம் போய்ச் சொல்கிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே, "புது மெஷின் அல்லவா? ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார். இந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் திரும்பிவிடலாமா?

அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி வாங்கியவர்கள் பலர் 2011-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் இதே கேள்வியை எதிர்கொண்டார்கள். நூறாண்டுக்கு மேல் நற்பெயர் பெற்ற மார்லின் என்ற நெம்புகோல் ரைபிளை வாங்கியவர்கள், முன்குறி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையும், மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இடையே சந்து தெரிவதையும், தோட்டா நடுவழியில் சிக்கி நிற்பதையும் கண்டு திகைத்தார்கள். பெயர் அதே பெயர். வடிவம் அதே வடிவம். பொருள் மட்டும் வேறாகிவிட்டது.

துப்பாக்கியைப் பற்றி அறிவியல் இதழில் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இன்று மிதிவண்டி முதல் விமானம் வரை எந்தப் பொருளின் உதிரிப் பாகத்தையும் கடையில் வாங்கி மாட்டிக்கொள்கிறோமே, அந்தப் பழக்கம் பெருமளவில் வளர்ந்ததே துப்பாக்கித் தொழிற்சாலைகளில்தான். ஆகவே அங்கே அது தவறிப்போன கதையும் நாம் கற்க வேண்டிய பாடமே. அந்தத் தவறுக்குப் பலரும் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்ப்போம்.

நெம்புகோல் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது?

விசையைச் சுற்றி வளையம் போல அமைந்திருக்கும் கைப்பிடிதான் நெம்புகோல். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் உள்ளே பல செயல்கள் வரிசையாக நடக்கின்றன. முதலில் பூட்டுக்கட்டை கீழே இறங்குகிறது. பிறகு தாழ்த்தண்டு பின்னால் நகர்ந்து, வெறும் தோட்டாக் கூட்டை வெளியே எறிகிறது. குழலுக்கு அடியில் இருக்கும் குழாயிலிருந்து புதுத் தோட்டா ஒன்று பின்னால் வந்து 'தூக்கி' என்ற சிறு பலகையில் படுக்கிறது. நெம்புகோலை மேலே இழுக்கும்போது தூக்கி அத்தோட்டாவைக் குழலின் வாய்க்கு நேராக உயர்த்துகிறது. தாழ்த்தண்டு அதை உள்ளே தள்ளுகிறது. பூட்டுக்கட்டை மேலேறித் தாழ்த்தண்டைப் பூட்டுகிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

மார்லின் துப்பாக்கியில் பாராட்டத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசி இரண்டு துண்டுகளால் ஆனது. பின்துண்டு முன்துண்டுக்கு நேராக இராமல் சற்று விலகி நிற்கும். பூட்டுக்கட்டை முழுவதும் மேலேறிய பிறகே அது பின்துண்டைத் தூக்கி நேராக்கும். அதாவது பூட்டு விழாமல் வெடி வெடிக்காது. இந்த ஒரு சிறு ஏற்பாட்டிலேயே நம் பாடம் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். பூட்டுக்கட்டையின் உயரம், ஊசியின் துளை, தாழ்த்தண்டின் நீளம், நெம்புகோலின் வளைவு ஆகிய எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால்தான் பாதுகாப்பு. எந்த ஒரு பாகமும் தனியாக நல்லது, கெட்டது என்று சொல்ல இடமில்லை. உறவுதான் முக்கியம்.

நடந்தது என்ன?

ஜான் மார்லின் என்பவர் 1870-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 1969-இல் தொழிற்சாலை பக்கத்திலுள்ள நார்த் ஹேவனுக்குப் பெயர்ந்தது. 1948-இல் வெளிவந்த '336' என்ற மாதிரி மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்றது. 2007-ஆம் ஆண்டு இறுதியில், ரெமிங்டன் நிறுவனம் மார்லினை வாங்கப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே வாங்கியது. ரெமிங்டனும் அதே 2007-இல்தான் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது.

2010-இல் நார்த் ஹேவன் ஆலையை மூடும் அறிவிப்பு வந்தது. 2011-இல் ஆலை மூடப்பட்டது. 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தனர். தயாரிப்பு பக்கத்து மாநிலமான நியூயார்க்கில், ரெமிங்டனின் பழைய ஊரான இலியனுக்கு மாறியது. அதன் பிறகு வந்த துப்பாக்கிகளில்தான் மேலே சொன்ன குறைகள் மலிந்தன. இரு பெயர்களையும் ஒட்டி, 'ரெம்லின்' என்று வாங்குவோர் அவற்றுக்கு ஏளனப் பெயர் சூட்டினர். சில மாதிரிகளின் தயாரிப்பே சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

முதல் காரணம்: "தொழிலாளரின் அலட்சியம்"

குறையுள்ள பொருளைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதுதான். இலியனில் இருந்தவர்கள் துப்பாக்கித் தொழிலுக்குப் புதியவர்கள் அல்லர். அவ்வூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே துப்பாக்கி செய்து வந்தார்கள். அப்படியிருக்க, குழல் ஏன் சாய்ந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குழல், உடற்கூட்டில் திருகி இறுக்கப்படுகிறது. திருகாணியைப் போலவே அதற்கும் மரை உண்டு. குழலில் உள்ள ஒரு தோள், உடற்கூட்டின் முகத்தில் போய் முட்டும்போது திருகுவது நிற்கிறது. அப்படி நிற்கும் கணத்தில், குழலின் மேலுள்ள முன்குறி சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் 1.5 மில்லிமீட்டர் முன்னேறுகிறது என்று கணக்குக்காகக் கொள்ளுங்கள். இரண்டு பாகை என்பது ஒரு சுற்றில் 180-இல் ஒரு பங்கு. 1.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.0083 மில்லிமீட்டர் வருகிறது. நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! தோளில் அவ்வளவு கூடுதலாகச் சீவிவிட்டால் போதும், முன்குறி இரண்டு பாகை சாய்ந்துவிடும்.

இந்தச் சாய்வினால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். முன்குறி, பின்குறி இரண்டுமே குழலின் மேல் இருந்தால், இரண்டும் சேர்ந்தே சாயும். குறி அதிகம் தவறாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆனால் பின்குறியை உடற்கூட்டின் மேல் பொருத்திய மாதிரிகளில் கதை வேறு. குழலின் மையத்திலிருந்து முன்குறியின் உச்சி 20 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், இரண்டு பாகைச் சாய்வில் அது பக்கவாட்டில் 0.7 மில்லிமீட்டர் நகரும். இரு குறிகளுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருக்கிறதென்றால், 100 மீட்டர் தொலைவில் குண்டு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் தள்ளிப்போய் விழும். வேட்டையில் இது சிறு பிழை அன்று. காயப்பட்டு ஓடி எங்கோ துடித்துச் சாகும் விலங்குக்கும் அது சிறு பிழை அன்று.

ஆக, கண்ணுக்குத் தெரியாத 0.008 மில்லிமீட்டர், இலக்கில் 12 சென்டிமீட்டராகப் பெருகுகிறது. இதை எந்தத் தொழிலாளியும் கவனத்தால் மட்டும் பிடித்துவிட முடியாது. உண்மையில், இறுக்கும்போது தோள் சற்றே நசுங்கி இடம் கொடுக்கும். எவ்வளவு இடம் கொடுக்கும், எந்த இடத்தில் கை நிற்க வேண்டும், நிற்காவிட்டால் தோளை எவ்வளவு தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பல ஆண்டு அந்த வேலையையே செய்தவருக்குக் கையில் படிந்திருக்கும். அந்தக் கை நார்த் ஹேவனில் வேலை இழந்து வீட்டில் இருந்தது. இலியனில் இருந்தவர் வேறு துப்பாக்கிகளில் தேர்ந்தவர். இந்தத் துப்பாக்கிக்குப் புதியவர். இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமன்று. முதல் காரணம் நிற்கவில்லை.

இரண்டாவது காரணம்: "பழைய இயந்திரங்கள்"

இதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை. நார்த் ஹேவனிலிருந்து கொண்டுபோன இயந்திரங்களில் பல தேய்ந்து பழுத்தவை என்றும், அங்கிருந்த வரைபடங்கள் உண்மையில் செய்யப்பட்ட துப்பாக்கியோடு ஒத்துப்போகவில்லை என்றும் பின்னர் பரவலாகச் செய்திகள் வந்தன. இதன் பொருளை நாம் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும்.

உலகில் எந்தப் பாகத்தையும் சொன்ன அளவுக்கு அச்சாகச் செய்ய முடியாது. ஆகையால் வரைபடத்தில், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு வரம்பு போடுகிறார்கள். பட்டறைகளில் இதை 'டாலரன்ஸ்' என்பார்கள். நாம் 'பொறுதி' என்போம். ஆறு பாகங்கள் வரிசையாகச் சேர்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பொறுதி 0.05 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஆறும் ஒரே திசையில் தவறினால் மொத்தப் பிழை 0.30 மில்லிமீட்டர். ஆனால் ஒரு பாகம் கூடினால் இன்னொன்று குறையும். பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். இப்படித் தற்செயலாக நேரும் பிழைகளைப் புள்ளியியல் முறைப்படி கூட்டினால், பெரும்பாலான துப்பாக்கிகளில் மொத்தப் பிழை 0.12 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்று கிடைக்கிறது. தொழிற்சாலைகள் இந்தத் துணிவில்தான் இயங்குகின்றன.

இப்போது இயந்திரம் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். தேய்ந்த தண்டவாளத்தில் ஓடும் வெட்டுளி, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் விலகும். பிழை இனித் தற்செயலானது அன்று. எல்லாப் பிழைகளும் ஒரே திசையில் கைகோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பாகத்தையும் தனியே அளந்தால் வரம்புக்குள்தான் இருக்கும், சேர்த்தால் சிக்கும். சோதனைக்காரர் "எல்லாம் சரி" என்று கையெழுத்திடுவார், துப்பாக்கி ஓடாது. தரக் கட்டுப்பாட்டில் இதைவிட ஏமாற்றும் நிலை வேறில்லை.

அப்படியானால் அதே தேய்ந்த இயந்திரங்களை வைத்துக்கொண்டு நார்த் ஹேவனில் எப்படி நல்ல துப்பாக்கி செய்தார்கள்? இயந்திரத்தின் குணம் அதை ஓட்டியவருக்குத் தெரியும். "இது இடப்பக்கம் இழுக்கும், இரண்டு இழை குறைத்து வை" என்பது அவருக்குப் பாடம். வரைபடத்தில் ஓர் அளவு இருக்கும். அவர் கையேட்டில், அல்லது மனத்தில், வேறோர் அளவு இருக்கும். சேர்ப்பவர் ஓர் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மீதிக் குறையையும் தீர்த்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்ததால், வரைபடம் தவறு என்பதே யாருக்கும் உறைக்கவில்லை. இயந்திரத்தை லாரியில் ஏற்றினார்கள், வரைபடத்தையும் ஏற்றினார்கள். அவ்விரண்டின் பிழையையும் அன்றாடம் திருத்திவந்த அறிவை ஏற்ற மறந்தார்கள்.

இதற்கு நார்த் ஹேவன் நிர்வாகமும் ஓரளவு பொறுப்பே. கையில் இருந்த அறிவைக் காலாகாலத்தில் தாளில் ஏற்றியிருக்க வேண்டும். பழைய மார்லினில் குறையே இல்லை என்று சொல்வதும் மிகை. நெம்புகோலின் ஒரு கூரிய விளிம்பு தூக்கியை அரித்து அரித்துப் பள்ளம் செய்துவிட, இரண்டாவது தோட்டா கீழே நுழைந்து சிக்கிக்கொள்ளும் கோளாறு பழைய துப்பாக்கிகளிலும் உண்டு. அதற்கு 'மார்லின் சிக்கல்' என்றே பெயர். விளிம்பைச் சற்று மழுக்கிவிட்டால் வராத கோளாறு அது. பழையதைப் பொன் என்று போற்றுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பழைய பொய்

கையில் இருக்கும் அறிவைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பழக்கம் புதிதன்று. மார்லின் தொடங்கிய அதே நியூஹேவனுக்கு அருகில்தான் ஈலை விட்னி என்பவர் 1798-இல் அமெரிக்க அரசுக்குப் பத்தாயிரம் துப்பாக்கிகளை இரண்டே ஆண்டில் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தார். 1801-இல் தலைநகரில் பாகங்களைப் பரப்பிவைத்து, எதை எடுத்து எதில் மாட்டினாலும் பொருந்தும் என்று காட்டிப் பெரும் புகழ் பெற்றார். பள்ளிப் பாடங்களில் இன்றும் அவர் பெயர் வருவதுண்டு. ஆனால் இரண்டாண்டு வேலை முடியப் பத்தாண்டு ஆயிற்று. எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளை இருபதாம் நூற்றாண்டில் பிரித்து ஆராய்ந்தபோது, ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்தவில்லை. அரத்தால் தேய்த்துப் பொருத்திய அடையாளங்களே இருந்தன.

ஒன்றின் பாகம் மற்றதில் உண்மையாகவே பொருந்தும் துப்பாக்கியை 1820-களில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில் ஜான் ஹால் செய்துகாட்டினார். அவர் நம்பியது பேச்சை அன்று, அளவிகளை. ஒவ்வொரு பாகத்துக்கும் அதற்கென்று செய்த அளவிகளை வைத்துச் சோதித்தார். கையில் இருந்த அறிவை இரும்பு அளவிக்குள் மாற்றினார் என்று சொன்னால் பொருந்தும்.

"சுடச் சுடச் சரியாகும்"

இனி, வாங்கியவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். கடைக்காரரின் வாக்கு அங்கேயும் உண்டு: "நூறு தோட்டா சுட்டால் எல்லாம் படிந்துவிடும்." இந்த வாக்கு எவ்வளவு தூரம் உண்மை?

உராயும் இரு பரப்புகளில் இருக்கும் நுண்ணிய மேடுகள் பழக்கத்தில் தேய்ந்து வழவழப்பாவது உண்மை. ஆகையால் முரட்டுத்தனமாக நகரும் நெம்புகோல் சில நாளில் இணங்கி வரலாம். ஆனால் தேய்மானம் என்பது கண்ணில்லாத அரம். தேய வேண்டிய இடத்தில்தான் தேயும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. சாய்ந்த குழல் சுடுவதால் நிமிராது. கூரிய விளிம்பு, தான் மழுங்குவதற்கு முன் அடுத்த பாகத்தை அரித்துவிடும். 'படிந்துவிடும்' என்ற சொல், பரிசோதனைச் செலவை ஆலையின் தலையிலிருந்து வாங்குபவர் தலைக்கு மாற்றும் தந்திரமாகப் பெரும்பாலும் ஆகிவிடுகிறது.

ஆகவே குறைகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, அழகுக் குறை: மரத்தில் சந்து, மெருகில் திட்டு. இதில் விலையைப் பற்றிப் பேசலாம், உயிருக்குக் கேடில்லை. இரண்டாவது, வேலைக் குறை: தோட்டா சிக்குதல், கூடு வெளியே வராமை. இதைச் செய்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது, பாதுகாப்புக் குறை. இதுதான் ஆபத்தானது, ஏனெனில் இது கண்ணுக்குத் தெரியாது.

பூட்டிய தாழ்த்தண்டின் முகத்துக்கும், உள்ளே அமர்ந்த தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் இடையே மிகச் சிறு இடைவெளிதான் இருக்கலாம். அது கூடினால், வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்னோக்கி நீண்டு கிழியக்கூடும்; சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். இதைச் சோதிக்க 'போகும் அளவி', 'போகா அளவி' என்ற இரண்டு எஃகுத் துண்டுகள் உண்டு. முதலாவதை வைத்தால் பூட்டு விழ வேண்டும். இரண்டாவதை வைத்தால் விழக்கூடாது. கண்ணாலோ காதாலோ இதை முடிவு செய்ய முடியாது. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டி அளவியால் சோதிப்பதே வழி. வாங்கியவர் தாமே அரத்தை எடுப்பது எல்லாவற்றிலும் தீய வழி. பாகங்களின் உறவைப் பற்றி மேலே சொன்னதை நினைவு கூருங்கள்: ஓரிடத்தில் தேய்த்தால் இன்னோரிடம் தளரும்.

எந்தக் குறையானாலும் தோட்டா எண்ணிக்கை, எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது, எந்த நிலையில் நெம்புகோல் நின்றது என்பதைக் குறித்து வையுங்கள் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். "சரியில்லை" என்ற புலம்பலைத் தள்ளிவிடலாம். "பத்தில் மூன்று முறை, தூக்கி பாதியில் நிற்கிறது" என்ற குறிப்பைத் தள்ளிவிட முடியாது. உங்கள் தையல் இயந்திரத்துக்கும் இதே விதிதான்.

மூன்றாவது காரணம்: "இயந்திரம் வந்தது, தரம் போயிற்று"

கைவேலையைப் போற்றுவோர் சொல்லும் காரணம் இது. அவர்கள் பெரும்பாலும் வின்செஸ்டர் 94 என்ற இன்னொரு நெம்புகோல் துப்பாக்கியைச் சான்று காட்டுவர். ஜான் பிரௌனிங் வகுத்த அத்துப்பாக்கியை 1964-இல் மலிவாகச் செய்ய முற்பட்டார்கள். கடைந்தெடுத்த தூக்கிக்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்த தூக்கி; கெட்டி ஆணிகளின் இடத்தில் சுருட்டிய வெற்று ஆணிகள்; உடற்கூட்டின் உலோகமும் மாறியதால் வழக்கமான நீல மெருகு ஏறவில்லை. வாங்குவோர் முகம் சுளித்தனர். '1964-க்கு முந்தியது' என்றால் அதிக விலை என்பது இன்றும் அங்கே வழக்கு.

ஆனால் இது இயந்திரத்தின் குற்றமா? இல்லை. எதைச் செய்வது என்று முடிவு செய்தது மனிதர்களே. இயந்திரம் அவர்கள் சொன்னதைச் செய்தது. இந்தக் காரணம் நிற்காது என்பதற்கு மார்லினின் பிற்காலக் கதையே சாட்சி.

இலியனில் நிலைமை பின்னாளில் ஓரளவு தேறியது. வரைபடங்களைத் திருத்தினார்கள், புது இயந்திரங்களும் வந்தன. வாங்கியவர்களில் பலர் இந்த முன்னேற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. கடன் சுமையும் சேர, ரெமிங்டன் 2018-இலும் 2020-இலும் இருமுறை திவால் மன்றத்தை நாடியது. இரண்டாம் முறை சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, மார்லினை ரூகர் நிறுவனம் ஏறக்குறைய மூன்று கோடி டாலருக்கு வாங்கியது. இலியன் ஆலையும் 2024-இல் மூடப்பட்டது.

ரூகர் அவசரப்படவில்லை. தயாரிப்பை வட கரோலினாவில் உள்ள மேயோடன் ஆலைக்கு மாற்றிக்கொண்டு, ஓர் ஆண்டுக்கு மேல் ஒரு துப்பாக்கியும் அனுப்பாமல் இருந்தது. கணிப்பொறி வழி இயங்கும் இயந்திரங்களையும், குளிர் நிலையில் சம்மட்டியடித்துக் குழல் உருவாக்கும் முறையையும் கையாண்டது. 2021 டிசம்பரில் முதல் மாதிரியாக 1895 எஸ்.பி.எல். வெளிவந்தது. பழைய கைகள் அங்கும் இல்லை. அரத்தால் தேய்த்துப் பொருத்தும் பழைய முறையும் இல்லை. ஆயினும் மரமும் இரும்பும் சந்தின்றிப் பொருந்தின. வாங்கியவர்கள் பொதுவாக மகிழ்ச்சியோடு வரவேற்றனர். இயந்திரம் தரத்தைக் கெடுக்கும் என்பது உண்மையானால் இது எப்படி நடந்தது?

நம் முடிவு

இந்த மூன்று காரணங்களையும் தள்ளிய பின் எஞ்சுவது ஒன்று. ஒரு பொருளைச் செய்யும் அறிவு இரண்டு இடங்களில் வாழலாம். அனுபவப்பட்ட கையில் வாழலாம். அது நார்த் ஹேவனின் வழி. அளவிலும் அளவியிலும் இயந்திரத்தின் கட்டளையிலும் வாழலாம். அது ரூகரின் வழி. இரண்டும் நல்ல வழிகளே. கையை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, அதிலிருந்த அறிவை அளவாக மாற்றாமலும் விட்டால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழுவோம். 2011-இல் நேர்ந்தது அதுவே. பெயரையும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் விலைக்கு வாங்கலாம். கணக்குப் புத்தகத்தில் அவற்றுக்கு ஒரு வரி உண்டு. கையில் இருக்கும் அறிவுக்குக் கணக்குப் புத்தகத்தில் வரி இல்லை. வரி இல்லாததால் விலையும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். அந்த விலையை முதலில் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கொடுத்தன. பிறகு வாங்கியவர்கள் கொடுத்தார்கள். கடைசியில் நிறுவனமே கொடுத்தது.

மாணவர்களாகிய உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு கடைசல் பட்டறை இருக்கும். அங்கே வயதான ஒருவர், கடைந்த தண்டை நகத்தால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு நூல் போகணும்" என்று சொல்வார். சிரித்துவிட்டுப் போகாதீர்கள். "ஐயா, எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பிறகு ஒரு நுண்ணளவியை எடுத்து, அவர் சொன்ன 'ஒரு நூல்' எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர் கைக்கும் உங்கள் தாளுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு தூரத்தைக் கடப்பதுதான் பொறியியல்.